கத்திரி வெயிலில் கைக்குழந்தையோடு குலதெய்வம் கோயிலுக்கு: முதல்முறை கிளம்புபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குலதெய்வம் கோயிலில் சித்திரை, வைகாசியில்தான் பொங்கல் வைப்பார்கள். பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால் மொட்டை, காதுகுத்து எல்லாவற்றையும் அந்த வாரங்களிலேயே வைத்துக்கொள்கிறோம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். திருச்சி, கரூர், வேலூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் அவை.

என் மகளின் ஐந்தாம் மாதத்தில் அப்படித்தான் கிளம்பினோம். திருச்சியிலிருந்து துறையூர் பஸ். ஜன்னலோரம் வெயில் விழுந்தது. "பச்சைக் குழந்தை மேல் வெயில் படுகிறதே, துண்டைப் போட்டு மூடும்மா" என்று பக்கத்து இருக்கைப் பாட்டி சொன்னார். தடித்த டர்க்கி துண்டால் மூடினேன். அசையாமல் தூங்கியதால் நிம்மதியாக இருந்தேன். இறங்கும்போது துண்டை விலக்கினால் முகம் சிவந்து, முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. பால் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. நிழலில் உட்கார்ந்து, உடையைக் கழற்றி, நனைத்த முந்தானையால் துடைத்து விசிறியபடியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வாய் வைத்துக் குடித்தாள்.

பாட்டி சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் மூடுவது வெயிலை மட்டுமா தடுக்கிறது? காற்றையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் இன்னும் வளர்ந்திருக்காது. அதன் எடைக்குத் தோலின் பரப்பும் அதிகம் என்பதால் வெளிச்சூடு வேகமாக உள்ளே ஏறும். ஆகவே நிழலும் காற்றும் சேர்ந்தே கிடைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள். பதினொரு மணிக்குள் குழந்தை ஒரு கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். திரும்புவது மாலை நான்குக்குப் பிறகு. நல்ல நேரம் பன்னிரண்டரைக்குத்தான் என்று யாராவது சொன்னால், வேறு நாள் கேளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடலோர ஊர்க்காரர்கள் டிகிரியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சென்னையில் 37 டிகிரிதான் என்றாலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாமல் உடம்பு குளிராது.

படி 2: உடை

பழைய மல் துணியில் தைத்த தளர்வான ஜப்லா ஒன்று போதும். நைலான் வலை வைத்த பட்டுக் கவுன், காலுறை, இறுக்கமான குல்லாய் எதுவும் வேண்டாம். போட்டோவுக்காகப் பட்டு உடுத்தத்தான் வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் உடுத்திக் கழற்றிவிடுங்கள்.

பவுடர் பூச வேண்டாம். மூச்சோடு உள்ளே போகும், வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். கண் மையும் வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசுவதைவிட நிழலையும் உடையையும் நம்புவதே சரி.

படி 3: பாலும் தண்ணீரும்

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் தர வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். வழக்கத்தைவிட அடிக்கடி, கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். வெயில் நாளில் குழந்தை ஐந்து நிமிடம் குடித்துவிட்டு விட்டுவிடும், அரை மணியில் மறுபடி அழும். அது தாகம். "இப்போதுதானே குடித்தது" என்று தள்ளிப்போடாதீர்கள். கூட்டத்தில் பால் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் சேலைத் தலைப்பைத் தோளோடு தளர விடுங்கள். குழந்தையின் மூக்கும் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் பாலோடு, காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கிண்ணத்திலோ பாலாடையிலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சர்க்கரைத் தண்ணீரும், ஒரு வயதுக்குள் தேனும் கூடவே கூடாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் கரைத்த பாலைப் பையில் வைத்துச் சுமக்காதீர்கள். வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். பவுடரையும், ஃபிளாஸ்கில் கொதிநீரையும் தனித்தனியே எடுத்துப் போய், வேண்டும்போது கலந்து, ஆற்றிக் கொடுங்கள்.

தாயும் குடிக்க வேண்டும். தண்ணீர், நீர்மோர், இளநீர் எதுவானாலும் சரி. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தன்னை மறந்துவிடும் தாய்மார்களுக்காக இதைச் சொல்கிறேன். உடன் வரும் ஒருவர் பொறுப்பெடுத்து, கேட்காமலே சொம்பை நீட்டட்டும்.

படி 4: பயணம்

காலையில் வடக்கே போகும் பஸ்ஸில் வெயில் வலப்பக்கம் விழும். இடப்பக்கம் உட்காருங்கள். தெற்கே போனால் மாற்றிக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தையை மார்போடு கட்டித் தூக்குபவர்கள், இரண்டு உடல் சூடும் ஒன்றுசேர்வதை நினைவில் வைத்து, அடிக்கடி பிரித்துக் காற்றாட விடுங்கள். தாடை நெஞ்சில் மடங்கிவிடாமல் பாருங்கள். தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் அதன் மேல் துணி போட்டு மூட வேண்டாம். என் டர்க்கி துண்டுக் கதைதான் அங்கும் நடக்கும்.

கார் என்றால் ஒன்றே ஒன்று. நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. பூசைச் சாமான் வாங்க இறங்கினாலும் குழந்தை கையோடு வர வேண்டும். மறுபடி ஏறும்போது இருக்கைப் பட்டையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

படி 5: கோயிலில்

போனதும் முதல் வேலை மரம் தேடுவது. வேம்போ புங்கையோ, அடர்ந்த நிழலாக இருக்கட்டும். பொங்கல் அடுப்புகளின் புகையும் அனலும் வராத பக்கமாகப் பாருங்கள். தூளி கட்டுவதானால் நூல் புடவையில் கட்டுங்கள். நைலக்ஸ் புடவையில் காற்று நுழையாது. இரு பக்கமும் குவிந்து முகத்தை மூடிவிடாமல், மேலே குறுக்குக் கட்டை வைத்து விரித்துவிடுங்கள். நிழல் நகரும், தூளி நகராது. அரை மணிக்கொரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

மொட்டை அடித்ததும் பூசும் சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயிலைத் தடுக்காது. அதுவரை முடி மறைத்திருந்த தோல் சீக்கிரம் கன்றிவிடும். சந்தனம் உலர்ந்ததும் தளர்வான பருத்தித் தொப்பி போட்டு, நிழலிலேயே வைத்திருங்கள். தவழும் குழந்தையைக் கருங்கல் தரையில் இறக்குவதற்கு முன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள்.

படி 6: தொட்டுப் பார்ப்பது

கை, கால் குளிர்ந்திருப்பதை நம்பாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ விரலை வையுங்கள். கொதித்தாலோ நனைந்திருந்தாலோ ஓர் உடுப்பைக் குறையுங்கள், பால் கொடுங்கள். சிறுநீர் போன துணிகளையும் எண்ணிவாருங்கள். ஆறு மணி நேரமாக நனையவில்லை என்றால், அல்லது உச்சிக்குழி உள்வாங்கி, நாக்கு வறண்டு, குழந்தை துவண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரியைத் தொட்டாலே காத்திருக்கக் கூடாது.

படி 7: நிலைமை மோசமானால்

தொட்டால் சுடும் உடம்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, வேகமாக இரைக்கும் மூச்சு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடையைக் கழற்றுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று துடைத்துக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் கட்டியைத் தோலில் வைக்காதீர்கள். வெயில் தாக்கிய சூட்டைக் காய்ச்சல் மருந்து இறக்காது. மயங்கிய குழந்தையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சுற்றி நிற்பவர்களை விலகச் சொல்லிக் காற்றுக்கு வழிவிடுங்கள். வண்டி வந்து சேரும்வரை துடைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.