மாணவராக இல்லாமலே பல்கலைக்கழக நகரத்தில் வாழ்வது எப்படி?

படிக்கப் போகவில்லை, பாடம் நடத்தவும் போகவில்லை, அப்புறம் அந்த ஊரில் எனக்கென்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க், நெதர்லாந்தின் லைடன், ஸ்வீடனின் உப்சாலா மாதிரி ஒன்றிரண்டு லட்சம் பேர் வாழும் நகரங்களைப் பாருங்கள். பெரிய நூலகம், பெரிய மருத்துவமனை, அருங்காட்சியகம் என்று பெருநகரத்தில் தேடிப் போகவேண்டிய எல்லாமே அங்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு தடவை போய் வாருங்கள். வகுப்புகள் நடக்கும்போது ஒரு தடவை, நீண்ட விடுமுறையில் ஒரு தடவை. இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும், விடுமுறையில் பஸ்கூடக் குறைந்துவிடலாம். இரண்டுமே பிடித்திருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். உங்கள் துறையில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த மாதிரி ஊர்களில் பெரிய முதலாளி பெரும்பாலும் அது ஒன்றுதான்.

வீடு தேடுவதில் கல்வியாண்டுதான் காலண்டர். ஆண்டு தொடங்கும் நேரத்தில் மாணவர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள், வாடகை ஏறும், நல்ல வீடுகள் கிடைக்காமல் போய்விடும். மூன்று நான்கு மாதம் முன்பே தேடுங்கள். வீடு பிடித்துப்போனால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாமல், வாரக்கடைசியில் இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள், பகலில் அமைதியாக இருந்த தெரு அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

சரி, குடியேறியாச்சு. முதல் வாரமே பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடிப் பிடியுங்கள். இந்த ஊர்களின் உண்மையான சொத்து அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பொதுச் சொற்பொழிவுகள், இசைத்துறை மாணவர்களின் கச்சேரிகள், மாலை நேர வகுப்புகள் என்று எவ்வளவோ நடக்கும், பலவற்றுக்குக் கட்டணமே இருக்காது, ஆனால் வீடு தேடி வந்து யாரும் அழைக்க மாட்டார்கள். நூலகத்தில் வெளியாட்கள் உட்கார்ந்து படிக்கலாமா, புத்தகம் எடுக்கத் தனி அட்டை உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். தாவரவியல் தோட்டம் இருந்தால் விடாதீர்கள். லைடனில் 1590-இல் தொடங்கிய தோட்டத்தில் இன்றும் யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் மனதைக் கஷ்டப்படுத்தும். நெருங்கிப் பழகியவர்கள் படிப்பு முடிந்து மூன்று நான்கு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். அதனால் தங்கப் போகிறவர்களோடும் பழகுங்கள்: நூலக ஊழியர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்.

மேசையும் புத்தக அலமாரியும் வாங்க அவசரப்படாதீர்கள். கல்வியாண்டு முடியும் வாரத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் நல்ல நிலையில் இருப்பதையே மலிவாகவோ சும்மாவோ கொடுத்துவிட்டுப் போவார்கள்.