சிவப்புப் புள்ளிக்கு ஒரு கண்ணாடி டம்ளர்

காலில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், கொசுக்கடி என்று ஒதுக்குவதற்கு முன் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அவற்றின்மேல் அழுத்தி, கண்ணாடி வழியே பாருங்கள். மறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ ஈறில் ரத்தக்கசிவோ சேர்ந்திருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

சாதாரணத் தடிப்பில் ரத்தம் குழாய்க்குள்ளேயே இருப்பதால், அழுத்தினால் விலகி நிறம் வெளுக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மிகவும் குறைந்தால் (வழக்கமான அளவு ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம்) ரத்தம் தோலுக்கடியில் கசிந்துவிடும், கசிந்தது நகராது. கருத்த தோலில் புள்ளி எளிதில் கண்ணுக்குப் படாது, உள்ளங்காலையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள்.

வயதானவர்களின் மார்பில் பல ஆண்டுகளாக இருக்கும் சிவப்பு மச்சத்துக்கு இது பொருந்தாது. புள்ளி மறைந்துவிட்டது என்பதற்காக டெங்கு இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.