ராச்செனிட்சா: ஏழு மாத்திரைக்கு மூன்று அடி

பல்கேரிய ஆட்டங்களில் பிராவோ ஹோரோதான் எளிது; எல்லோரும் அதிலிருந்தே தொடங்குவார்கள். அதில் கால் பழகுமே தவிர காது பழகாது. அதனால் ராச்செனிட்சாவிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

முதலில் காலை விட்டுவிடுங்கள். உட்கார்ந்து தொடையில் தட்டியபடி சொல்லுங்கள்: தக தக தகிட. 2+2+3, மொத்தம் ஏழு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டு விழ வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது தட்டு நீளம் என்றதும் குறில், குறில், நெடில் என்று மனம் கணக்குப் போடும். நெடில் குறிலைப் போல இரண்டு மடங்கு. இங்கே மூன்றாவது தட்டு முந்தையதைப் போல ஒன்றரை மடங்குதான். இரண்டு மடங்காக இழுத்தால் ஏழு எட்டாகி, நான்காவது சுற்றுக்குள் இசை உங்களை விட்டு ஓடிவிடும். மூன்றையும் சமமாகத் தட்டினாலோ அது வால்ட்ஸ். கர்நாடக இசையின் ஏழு மாத்திரைத் தாளமான மிஸ்ர சாப்பு பழகியவர்களுக்கு வேறொரு சிக்கல்: அவர்கள் கை தகிடவை முதலில் தேடும். இங்கே அது கடைசியில் வருகிறது.

மெட்ரோனோம் செயலியில் ஏழு தட்டு வைத்து 1, 3, 5-க்கு மட்டும் அழுத்தம் கொடுங்கள். நிமிடத்துக்கு 180-இல் தொடங்கலாம். யூடியூப் வேகத்தைப் பாதியாக்கிப் பழக வேண்டாம். தபான் முரசின் அடி மழுங்கிப்போய், எங்கே விழுகிறது என்றே தெரியாது.

இனி எழுந்து, நின்ற இடத்திலேயே: தக வலது, தக இடது, தகிட வலது. அடுத்த சுற்று இடது காலில் தொடங்கும்: இடது, வலது, இடது. பத்துச் சுற்று முடிந்து பதினொன்றாவது வலது காலில் தொடங்கினால் சரி. இடது வந்தால் எங்கோ ஓர் அடி கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. எடை முன்பாதத்தில் இருக்கட்டும். தகிடவில் 'கிட' கடக்கும்வரை முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். விறைத்து நின்றால் அடுத்த 'தக'வுக்குத் தாமதமாகும்.

கால் தானாக ஓடத் தொடங்கிய பிறகே கைக்குட்டை. மூலையைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் சுழற்றுங்கள்.

மரபான த்சர்வுலி குதி உயரமில்லாத மெல்லிய தோல் காலணி. அது இல்லாவிட்டால் தட்டையான மெல்லிய அடியுள்ள எதுவும் போதும். ரப்பர் அடி தரையைப் பற்றிக்கொள்வதால் திரும்பும்போது முழங்கால் முறுக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டவே வேண்டாம். வரிசையில் ஆடும்போது பக்கத்தில் இருப்பவர் உங்கள் பொயாஸ் என்னும் கம்பளி இடைக்கச்சையைப் பிடிப்பதுண்டு. அதைத் தனியாகச் சுற்றினால் தளர்ந்துபோகும். ஒருவர் நுனியை இழுத்துப் பிடிக்க, நீங்கள் சுழன்றபடி அதற்குள் போங்கள். பிடிக்கும்போது உங்கள் இடக்கை மேலே, வலக்கை கீழே.

பின்சேர்க்கை: ருமேனியாவின் டோப்ரோஜா பகுதியில் ஆடும் ஜாம்பராலேயும் இதேதானா என்று கேட்கிறார்கள். தாளம் இதே 2+2+3, அடிவரிசை வேறு. பைதுஷ்கோ ஹோரோ என்னும் இன்னொரு பல்கேரிய ஆட்டத்துக்கு ஒரு தகவைக் கழித்துவிடுங்கள்: தக தகிட, ஐந்து.