காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் போதும், வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் தெருக்களில் காம்பவுண்டு சுவர்மேல் கார் மேட்டுகள் காய ஆரம்பித்துவிடும். மேட்டைக் காயவைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அடுத்த மழைக்கு மறுபடியும் கால் வைக்கும் இடத்தில் குளம். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பூசுவோம். ஒழுகல் நிற்காது. சில நேரம் அதிகமாகும்.

காரணம் எளிது. எந்தக் காரும் தண்ணீரே புகாதபடி செய்யப்படுவதில்லை. வைப்பருக்குக் கீழே, கதவுக்குள்ளே, சன்ரூஃப் ஓரத்திலே தண்ணீர் புகத்தான் செய்யும். புகுந்த தண்ணீர் கீழே இறங்கிப் போக வழி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த வழிதான். அதனால் முதலில் எந்த வழி அடைத்திருக்கிறது என்று பாருங்கள். எதை மூடுவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதல் படி: இது எந்தத் தண்ணீர்?

விரலால் தொட்டு, முகர்ந்து பாருங்கள். வெயில் நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு மட்டும் ஈரம் வருகிறதென்றால் அது ஏசித் தண்ணீர். நிறம், வழவழப்பு எதுவும் இருக்காது. நம் ஊர் கார்களில் பெரும்பாலும் இடது முன்பக்கம், அதாவது டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில்தான் தேங்கும்.

பச்சை, இளஞ்சிவப்பு போல நிறம் இருந்து, விரலில் வழுக்கி, இனிப்பு வாசனை அடித்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்குப் போல மங்கலாவதும் இதற்கு அடையாளம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம். இது வீட்டில் பார்க்கும் வேலையில்லை, மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். கூலன்ட் விஷம், குழந்தைகளையும் நாயையும் அந்த ஈரத்தின் பக்கம் விடாதீர்கள்.

கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி ஓர் இடத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கி, கதவின் கீழ்விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் கதையே வேறு. அது சாக்கடை கலந்த வெள்ளம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மழைக்குப் பிறகோ வாட்டர் வாஷுக்குப் பிறகோ வரும் தெளிந்த தண்ணீர்தான் மீதி. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: கார்பெட்டைத் தூக்குங்கள்

மேட்டை எடுத்துவிட்டு கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். நம்பாதீர்கள். அதற்கடியில் ஒரு பஞ்சு அடுக்கு இருக்கிறது. அது லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கும், மேலே காட்டிக்கொள்ளாது. கதவோரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி மெதுவாக இழுத்தால் கிளிப் விட்டுவிடும். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு அழுத்திப் பாருங்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சீட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள். பயமாக இருந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பழைய துணியால் ஒற்றி, முடிந்தவரை உலர்த்திவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். ஈரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் ஒன்றும் புரியாது.

மூன்றாம் படி: தண்ணீர் ஊற்றிச் சோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும், வெளியே ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹோஸ் இருந்தால் நல்லது. மெட்ரோ வாட்டருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் ஹோஸ் பிடித்து நின்றால் நாலு பேர் முறைப்பார்கள் என்றால், செடிக்கு ஊற்றும் பூவாளி போதும். இரண்டு மூன்று பக்கெட்டில் வேலை முடிந்துவிடும். எனக்கு ஹோஸைவிடப் பூவாளிதான் பிடிக்கும், மழை மாதிரியே விழும். வாட்டர் வாஷ் பம்பு மட்டும் வேண்டாம். அந்த வேகத்துக்குக் கதவைச் சுற்றியுள்ள பீடிங் என்ற ரப்பர் பட்டை நன்றாக இருந்தாலும் தண்ணீர் புகும், இல்லாத ஒழுகலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கீழிருந்து மேலே போகவேண்டும் என்பதுதான் இதில் விதி. முதலில் கதவின் கீழ்ப்பாதி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு வைப்பர் பகுதி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது ஊற்றிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் கேட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். எடுத்தவுடனே கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எது காரணம் என்று சொல்லவே முடியாது.

சந்தேகப்படும் இடத்தில் உள்பக்கம் முகப்பவுடர் தூவி வையுங்கள். சொட்டு ஓடிய தடம் கோடாகத் தெரியும். தண்ணீர் தேங்கிய இடமும் புகுந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. முன்கண்ணாடி மூலையில் புகுந்தது, கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் பில்லர் வழியாக இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, பின்சீட்டின் கீழே போய் நிற்கலாம். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வைப்பருக்குக் கீழே

நம் பகுதியில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். பானெட்டைத் திறந்தால், முன்கண்ணாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். கண்ணாடியில் வழியும் தண்ணீரெல்லாம் அதன் கீழே இருக்கும் தொட்டியில் விழுந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள ஓட்டை வழியாக முன் டயருக்குப் பின்னால் இறங்கும். வேப்பமரத்தடியில் வண்டியை விடுகிறவர்களுக்கு அந்தத் தொட்டி நிறைய இலையும் பூவும்தான் இருக்கும். எண்ணூர், மணலி பக்கமாக இருந்தால் டிரெய்லர் லாரி கிளப்பும் புழுதியும் கரித்தூசியும் சேர்ந்து சேறாகவே கட்டிவிடும். ஓட்டை அடைத்ததும் தொட்டி நிரம்பும். அதே தொட்டியிலிருந்துதான் ஏசி ஃபேன் வெளிக்காற்றை இழுக்கிறது, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டும்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். அது நனைந்திருந்தால் தண்ணீர் இந்தத் தொட்டியிலிருந்து வருகிறது. ஃபில்டர் காய்ந்திருந்து, மழையில்லாத நாளில் கார்பெட் மட்டும் நனைந்திருந்தால் சந்தேகம் ஏசித் தண்ணீரை வெளியே விடும் டியூப் மேல்தான்.

சுத்தம் செய்ய, வைப்பர் கையின் நட்டைக் கழற்றி, கிளிப்களை எடுத்து, பிளாஸ்டிக் மூடியைத் தூக்குங்கள். கழற்றும் முன் வைப்பர் நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தொல்லையில்லை. இலையைக் கையால் அள்ளுங்கள், ஓட்டைக்குள் தள்ளாதீர்கள். பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பக்கமும் டயருக்குப் பின்னால் தடதடவென்று கொட்டவேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

ஏசி டியூப்

நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியே ஆகவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஏசி போட்டு நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள். தரை காய்ந்திருந்தால் டியூப் அடைத்திருக்கிறது. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரின் கீழ்ப்பகுதியில், விரல் தடிமனில் ஒரு ரப்பர் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான். தூசிப் படலம் அடைத்திருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம்.

இன்ஜின் ஆறிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் டியூப்பை அதன் வாயில் வைத்து மெதுவாக ஊதினாலே பெரும்பாலும் திறந்துவிடும். கம்பியை ஆழமாக விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஏசியின் கூலிங் காயில் என்ற பாகம் மென்மையானது. முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள், தேங்கியது மொத்தமாகக் கொட்டும். அடியில் போகவேண்டியிருந்தால் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் கொடுக்கவே கூடாது.

கதவு

கதவைத் திறக்கும்போது சளக் சளக்கென்று சத்தம் கேட்கிறதா? கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகள் அடைத்துவிட்டன. கேபிள் டை ஒன்றை விட்டு ஆட்டினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றுக்குக் கதவின் அடிப்பகுதிதான் முதலில் துரு பிடிக்கும், அதனால் இதை மட்டும் மழைக்காலத்துக்கு முன்னால் கட்டாயம் செய்துவிடுங்கள். டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த கதவென்றால் அந்த ஓட்டையே மூடிப்போயிருக்கலாம், உற்றுப் பாருங்கள்.

ஓட்டை திறந்திருந்தும் கதவோரம் கார்பெட் நனைந்தால், கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கும். கண்ணாடியோடு இறங்கும் தண்ணீரைக் கதவுக்குள்ளேயே நிறுத்துவது அந்த ஷீட்தான். ஸ்பீக்கர் மாற்றிய கடைக்காரர்கள் அதைக் கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போவது சர்வ சாதாரணம். புது ஸ்பீக்கர் போட்டதிலிருந்துதான் ஒழுகுகிறது என்றால் வேறெங்கும் தேடவேண்டாம்.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கைப்பிடிக் குழியிலும் ஆர்ம்ரெஸ்டிலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கீழிருந்து கிளிப் கிளிப்பாக விடுவியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பவர் விண்டோ ஒயர் அறுந்துவிடும். ஷீட்டின் கிழிசலுக்கு வேறு பிளாஸ்டிக் ஒட்டி, ஓரம் முழுக்கப் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப் வைத்து அழுத்துங்கள். செலோ டேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஷீட்டின் கீழ்முனை கதவின் உள்பக்கம் சொருகியிருக்கவேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் வரும்.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பீடிங் அமுங்கிவிட்டது. மாற்றுவதென்றால் உங்கள் மாடலுக்கான புதியதையே வாங்குங்கள். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் லைட், கண்ணாடி வாங்குவது வேறு. பழைய பீடிங் வேறொரு கதவுக்குப் படிந்துபோனது, உங்கள் கதவுக்கு உட்காராது.

டிக்கி, சன்ரூஃப், முன்கண்ணாடி

ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் பின்லைட்டின் பின்னால் இருக்கும் பஞ்சு வாஷர், டிக்கி பீடிங், பின் பம்பருக்குள் மறைந்திருக்கும், உள்காற்றை வெளியே விடும் காற்றுப்போக்கி, இந்த மூன்றைப் பாருங்கள். லைட்டைக் கழற்றித் துடைத்து வாஷரை மாற்றுவது எளிய வேலை. குழியின் அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதை எடுத்துத் தண்ணீரை இறக்கலாம், ஆனால் திரும்ப மூடுங்கள். இல்லாவிட்டால் ரோட்டுத் தண்ணீர் கீழிருந்து ஏறும்.

சன்ரூஃப் மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது டயர் பக்கமாகக் கீழே வரவேண்டும். வராவிட்டால், காசிமேட்டில் கிடைக்கும் தடித்த தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்கவே அடிக்காதீர்கள், உள்ளே டியூப் கழன்றுவிட்டால் கூரைத் துணியைப் பிரிக்கவேண்டி வரும்.

முன்கண்ணாடி மாற்றிய பிறகு மூலையில் சொட்டினால், மாற்றிய கடைக்கே கொண்டுபோய்ப் பாலியூரிதேன் பசை போட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மேலே சிலிக்கான் பூசுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கான் அடியில் துருவைக் கிளப்பும், பின்னால் சரியான பசை அங்கே ஒட்டவும் ஒட்டாது.

உலர்த்துதல்

பஞ்சு அடுக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றி மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். முடியாவிட்டால் கார்பெட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தூக்கி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வையுங்கள். நாள் கணக்கில் ஆகும். பூசண வாடைக்கு வாசனைக் கட்டி தொங்கவிடுவதில் பயனில்லை, ஈரம் போனால்தான் வாடை போகும். மழைக்காலத்தில் அவசரமென்றால் வெளிக்காற்று வராதபடி ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டு, ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டு ஓட்டுங்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை ஏசி இழுத்துக் கீழே விட்டுவிடும்.

கார்பெட்டை உடனே பூட்டிவிடாதீர்கள். அதன் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, ஒரு நல்ல மழையில் வண்டியை வெளியே நிறுத்துங்கள். தாள் காய்ந்தே இருந்தால் கிளிப்பை அழுத்தி மூடலாம். நனைந்திருந்தால், எந்த ஓரம் முதலில் நனைந்தது என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து பூவாளிச் சோதனையைத் திரும்பத் தொடங்குங்கள்.