பயோடெக் கம்பெனி சம்பளம்: ஆஃபர் லெட்டரில் கவனிக்கத் தவறுபவை

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து பெங்களூருக்கோ பயோடெக் கம்பெனிகள் நிறைந்த ஹைதராபாத் ஜீனோம் வேலிக்கோ முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள், ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை, பன்னிரண்டால் வகுத்து, அதுதான் சம்பளம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி வாடகைக்கு வீடும் பார்த்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிடிசி 4,80,000 ரூபாய்; வகுத்தால் மாதம் 40,000. அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், வருடத்துக்கு 28,800. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு, அதே அடிப்படையில் 4.81 சதவீதம், 11,544. வேலைத்திறனையும் கம்பெனி லாபத்தையும் பார்த்துத் தரும் வேரியபிள் பே 48,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,000 என்றால், இவையெல்லாம் போக மாதம் 32,138. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 2,400, கர்நாடகத் தொழில் வரி 200 கழிந்து கைக்கு வருவது 29,538.

பிஎஃப் பணம் உங்கள் பெயரில்தான் சேர்கிறது, சரி. ஆனால் கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடிந்தால்தான் கிடைக்கும். அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள் அதைக் கண்ணில்கூடப் பார்ப்பதில்லை. வேரியபிள் பே போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்ஆரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

யாருடைய ரோலில், அதாவது எந்தக் கம்பெனியின் ஊழியராக, சேர்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். லேப் பெரிய கம்பெனியுடையதாக இருக்கும். சம்பளம் போடுவது ஏதோ ஒரு ஏஜென்சியாக இருக்கும். பக்கத்து மேஜையில் அதே வேலை செய்பவருக்குக் கிடைக்கும் போனஸும் இன்கிரிமென்டும் உங்களுக்கு வராமல் போகலாம். "ஒரு வருடத்தில் பர்மனென்ட் ஆக்கிவிடுவோம்" என்றால் எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேரவே சேராதீர்கள்.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கிவிட்டு, "ஸ்டைபண்ட்தானே" என்று அதை ஒதுக்கிவிட்டு கம்பெனிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000. விடுதி தராவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் மாதக்கணக்கில் தாமதமாக வருவதும் உண்டு என்பதால் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஆராய்ச்சியில் ஆசை இருப்பவர்கள் சம்பளத்துக்குப் பயந்து அதை விட வேண்டியதில்லை.

அப்புறம், வேலை மாறும்போது பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்ணான பழைய யுஏஎன்னையே கொடுத்து பிஎஃப் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்குள் பணத்தை எடுத்தால் வரி விழலாம். முந்தைய கம்பெனியின் சம்பள விவரத்தையும் புதிய கம்பெனியில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாக வரி கட்ட வேண்டிவரும்.