பழைய லஞ்ச் பாக்ஸ்: பளபளப்பாக்கப் போய்ப் படத்தை இழக்காதீர்கள்

கீழே போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1950 முதல் 1985 வரை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தூக்கிப்போன படம் போட்ட தகர லஞ்ச் பாக்ஸ்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

தேய்ப்பது

வாங்கிய அன்றே மெலமைன் ஸ்பாஞ்சும் (கறையைத் தேய்த்தெடுக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச்) கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அழுக்கோடு கௌபாயின் மூக்கும் போய்விடுகிறது. தட்டையான தகரத்தில் லித்தோ என்ற மை அச்சு முறையில் படத்தை அச்சிட்டு, மேலே மெல்லிய வார்னிஷ் பூசி, அதற்குப் பிறகுதான் அழுத்திப் பெட்டியாக்கினார்கள். பல பெட்டிகளில் முகமும் தொப்பியும் புடைத்து நிற்கும். ஸ்பாஞ்ச் முதலில் தின்பது அந்த மேட்டைத்தான். பார்க்க மெத்தென்று இருந்தாலும் அது நைஸ் உப்புத்தாள். முதலில் பளபளப்பு போகும், அப்புறம் நிறம், கடைசியில் வெறும் தகரம் பல்லிளிக்கும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மங்கலை மறைக்கக் கிளியர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள்! அதிலுள்ள தின்னர் பழைய மையை இளக்கும். விற்கும்போது “துடைக்க மட்டும்தான் செய்தேன்” என்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு போதும். பஞ்சு சுற்றிய குச்சியை (காட்டன் பட்) நனைத்துப் பிழிந்து, அடிப்பக்க ஓரத்தில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏறாவிட்டால் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் எடுத்து, உருட்டி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். கீலில் ஈரம் தங்கினால் துரு உள்ளிருந்தே கிளம்பும்.

1950இல் அலாடின் கம்பெனி வெளியிட்ட, ஹோபலாங் கேசிடி என்ற கௌபாய் நாயகன் படம் போட்ட பெட்டிக்கு இதுவும் ஆகாது. அதன் படம் பெயின்ட் மேல் ஒட்டிய டெக்கால், அதாவது மெல்லிய ஒட்டுப்படம். ஓரத்தில் ஈரம் புகுந்தால் செதிலாக எழும்பும். உலர்ந்த மென்தூரிகை மட்டுமே. முழு லித்தோ 1953இல் இன்னொரு கௌபாய் நாயகனான ராய் ராஜர்ஸ் படம் போட்ட பெட்டியோடுதான் வந்தது.

துருவுக்கு வினிகர்

படம் உள்ள பக்கம் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

வினைல் பெட்டி

தகரத்துக்குப் பதில் வினைல் என்ற பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டிகளில் உள்ளே இருப்பது அட்டை. நனைக்காதீர்கள்.

பெட்டியில் உள்ள ஆண்டு

பதிப்புரிமை ஆண்டைப் பெட்டி செய்த ஆண்டு என்று நம்பி விலை பேசாதீர்கள். கதாபாத்திரத்துக்கு உரிமை வாங்கிய ஆண்டாகவும் இருக்கும். பழசு என்பதாலேயே அரிதாகிவிடாது: 1961இன் டிஸ்னி ஸ்கூல் பஸ் பெட்டி லட்சக்கணக்கில் விற்றது.

பிளாஸ்க்

அலாடின் பெட்டிக்குள் போட்டிக் கம்பெனியான தெர்மாஸின் பிளாஸ்க் இருந்தால் ஜோடி மாறியிருக்கிறது. மெதுவாகச் சாய்த்துக் கேளுங்கள். கலகலவென்றால் உள்கண்ணாடி போய்விட்டது.