கடைசி செமஸ்டர் சினிமா ஆய்வேடு: எங்கே சறுக்குகிறது?

டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாமாண்டுப் பிள்ளைகள் தலைப்போடு வந்து நிற்பார்கள். "சார், தமிழ் சினிமாவில் சாதின்னு போட்டுக்கிடவா?"

வேண்டாம். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்த நாளிலிருந்து இன்றுவரையுள்ள படங்களை நாலு மாதத்தில் யாராலும் அளக்க முடியாது. ஒரு படம், ஒரு கேள்வி போதும். 'பரியேறும் பெருமாள்' (2018) இரண்டு டீ கிளாஸும் நடுவே ஒரு மல்லிகைப்பூவுமாக முடிகிறது. அந்த ஷாட் எத்தனை நொடி நிற்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, முகங்களைக் காட்டி முடிக்காமல் ஏன் இதைக் காட்டி முடித்தார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். பத்துப் பக்கம் தானாக வரும்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில். படத்தை விட்டுவிட்டு ஊரை எழுதிவிடுகிறார்கள். 'கர்ணன்' (2021) பற்றிய ஆய்வேட்டில் 1995-இல் கொடியங்குளத்துத் தலித் மக்கள்மேல் போலீஸ் நடத்திய தாக்குதல் முப்பது பக்கம், படம் ஐந்து பக்கம். அந்த வரலாறு அவசியம்தான், எனக்கும் அது நெஞ்சில் கிடக்கிற விஷயம். ஆனால் திரையில் இருப்பது பொடியன்குளம் என்ற கற்பனை ஊர். அந்த ஊரில் பஸ் நிற்காமல் போவதைக் கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்பதுதான் உங்கள் வேலை.

புதுமைப்பித்தன் நம்மூர்க்காரர் என்ற பாசத்தில் சிலர் அவருடைய 'சிற்றன்னை' கதையையும், அதைத் தழுவி மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்க'ளையும் (1979) எடுத்துக்கொள்வார்கள். நல்ல தேர்வு. கதையில் உண்டு, படத்தில் இல்லை என்று அட்டவணை போட்டால் மட்டும் ஆய்வாகாது. மகேந்திரன் கதையை விட்டு வெகுதூரம் போனவர். கடைசியில் படத்தின் கொடுமைக்காரன் சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கும்போது ஊர் வாயடைத்து நிற்கிறதே, அந்த மௌனத்தை எப்படி எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

யூடியூப் பிரதியை நம்பாதீர்கள், பாட்டையே வெட்டியிருப்பார்கள். எந்தப் பிரதி, எத்தனையாவது நிமிடம் என்று முதல் நாளிலிருந்தே நோட்டில் குறியுங்கள். இயக்குநர் பேட்டியில் சொன்னதும் ஒரு சான்றுதான், தீர்ப்பாகாது.

வசனத்தைத் திருத்தி எழுதுவது மட்டும் எனக்குத் தாங்காது. வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, படத்தில் 'சொல்லுதேன்' என்று வந்ததையெல்லாம் 'சொல்கிறேன்' என்று எழுதியிருந்தாள். 'என்னலே' 'என்னடா' ஆகியிருந்தது. வீட்டில் அவளும் அப்படித்தான் பேசுவாள். ஏம்மா என்றேன். "எழுத்துல அசிங்கமா இருக்கும்னு நினைச்சேன் சார்."

திரும்ப ஹெட்போன் மாட்டி ஒவ்வொரு வசனமாகக் கேட்டு மாற்றினாள். அப்போதுதான், யார் யாரிடம் 'லே' போடுகிறார்கள், யார் முன்னால் அதை விழுங்குகிறார்கள் என்பது அவள் காதில் விழுந்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதைத்தான் எழுதினாள்.